நேற்று அளந்த துளை

எக்ஸ்ரே கதிரைத் தடுக்கிற ஈய அங்கியை முதல் தடவை மாட்டிக்கொள்கிறவர்கள் எல்லாரும் தோளைக் குறுக்கிக்கொண்டு, இதைப் போட்டுக்கொண்டு நாள் முழுக்க எப்படி நிற்பது என்று ஒரு பார்வை பார்ப்பார்கள். போன மாதம் கேத் லேபில் சேர்ந்த நீங்கள் நாலு பேரும் அதே பார்வையைப் பார்த்தீர்களாம். உங்கள் மூத்த நர்ஸ் ஆயிஷா மிஸ்ஸி போனில் சொல்லிச் சிரித்தாள். பிறகு சிரிப்பை நிறுத்திவிட்டு, "அண்ணே, அந்தப் பொந்தியான் கேன்டீன் அக்கா கேஸ இவங்களுக்கு நீங்களே சொல்லுங்க. நான் சொன்னா உங்களக் காப்பாத்தித்தான் சொல்லுவேன்" என்றாள்.

அதனால் எழுதுகிறேன். நேரில் வந்து பேசச் சொன்னால் பொந்தியானில் ஆரம்பித்துச் சிகாமட்டில் போய் நிற்பேன்; நடுவில் டீ வேறு கேட்பேன். எழுத்தில் கொஞ்சம் நேராகப் போவேன் என்று நம்புகிறேன்.

நான் டாக்டர் இல்லை. படித்து வந்த டெக்னீஷியனும் இல்லை. ஜோகூர் பாருவில் நம் மருத்துவமனையின் ஸ்டோரில் பதினோரு வருஷம் பஞ்சும் ஊசியும் கையுறையும் எண்ணிக் கொடுத்தவன். இதயத்துக்குள் குழாய் விட்டுப் பார்க்கிற கேத் லேபின் சாமான் அலமாரியைப் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும், ஆறு மாதத்துக்குத்தான் என்று அனுப்பினார்கள். போன வருஷம் ஓய்வு பெறும்வரை அங்கேயே இருந்தேன். சாப்பாட்டு நேரத்தில் பழைய கேஸ்களின் படங்களை ஓட்டி ஓட்டிப் பார்த்து, இதயம் எப்படி அடிக்கிறது, எந்தக் கம்பி எந்த வளைவில் திணறும் என்று நானாகக் கற்றுக்கொண்டேன். மீதியை மேசையில் படுத்தவர்கள் கற்றுக்கொடுத்தார்கள். அவர்கள் சொல்வதை ஒரு சின்ன நோட்டில் எழுதி வைப்பது என் வழக்கம். "நெஞ்சு மேல லோரி ஏறி, இஞ்சின ஆஃப் பண்ணாம நிக்குது தம்பி" என்றார் ஒரு லோரிக்காரர். "என் மாமியா உள்ள ஒக்காந்து துணி பிழியிறாங்க" என்றார் ஒரு அம்மா. நெஞ்சுவலியை இதைவிடச் சரியாகச் சொன்னவர்களை நான் பார்த்ததில்லை.

கமலா அக்கா சொன்னது ஒரே ஒரு சொல். "அங்கின்."

மலாயில் காற்று. நம் ஊரில் நெஞ்சு வலித்தாலும் முதுகு பிடித்தாலும் முதலில் பழி அதன்மேல்தான் விழும். அக்காவுக்கு அறுபத்தொரு வயது. பொந்தியானில் ஒரு பள்ளிக்கூடத்தில் கேன்டீன் நடத்துகிறவர். மூன்று நாள் நெஞ்சில் எண்ணெய் தேய்த்துக்கொண்டு, ஏப்பம் வருமா என்று பார்த்துக்கொண்டே சமைத்திருக்கிறார். நாலாவது நாள் மூச்சு வாங்கி அடுப்படியிலேயே உட்கார்ந்துவிட்டார். ஆம்புலன்சில் எங்களிடம் வந்தார்.

"ஏன்கா மொதல்லயே வரல?" என்று கேட்டேன்.

"முன்னூறு பிள்ளைங்க சாப்பாட்டுக்கு வரிசையில நிக்கும்போது, நான் கிளினிக்ல நம்பர் எடுத்துக்கிட்டு ஒக்காரவா?" என்றார். மூச்சு வாங்கினாலும் பேச்சு வாங்கவில்லை.

டாக்டர் அவர் நெஞ்சில் கையை வைத்தார். வைத்த கையை எடுக்கவே இல்லை. பிறகு என்னைப் பார்த்து, "ராஜண்ணே, அக்காகிட்ட கேட்டுட்டுக் கையக் கொஞ்சம் இங்க வைங்க" என்றார். வைத்தேன். உள்ளே ஒரு பூனை படுத்துக்கொண்டு உறுமுவதுபோல் உள்ளங்கையில் அதிர்ந்தது.

அந்த டாக்டரின் பெயரை எழுதவில்லை. எழுதினால் எனக்குப் போன் வரும். சிகாமட் பெண். என்னைவிடப் பத்து வயது சின்னவர். எனக்குத் தெரிந்த நல்ல பழக்கங்களில் பாதி அவரிடமிருந்து ஒட்டிக்கொண்டது. மீதிப் பாதியை இன்னும் ஒட்டவைத்துக்கொண்டிருக்கிறேன்.

அந்தப் பூனை உறுமல் என்னவென்று சொல்லிவிடுகிறேன். மாரடைப்பு வந்து மூன்று நாள் யாரும் பார்க்காமல் விட்டால், ரத்தம் போகாத இடத்தில் இதயத்தின் சதை செத்துப்போகிறது. கீழ் அறைகள் இரண்டுக்கும் நடுவில் உள்ள சுவரில் அப்படி நடந்தால் சுவர் கிழிந்து துளை விழுகிறது. உடம்புக்குப் போக வேண்டிய ரத்தம் குறுக்கே பாய்ந்து நுரையீரலுக்குப் போகிறது. கையில் அதிர்ந்தது அந்தப் பாய்ச்சல்.

அறுவை டாக்டர்கள் வந்து பார்த்தார்கள். சிறுநீரகம் தளர்ந்திருந்தது, நுரையீரலில் நீர். நெஞ்சைத் திறந்தால் தாங்கமாட்டார் என்றார்கள். இன்னொன்றும் சொன்னார்கள்: அந்த நாட்களில் சதை ஊறிப்போன தௌஹு மாதிரி, சோயாக் கட்டி மாதிரி இருக்கும், தையல் போட்டால் நூல் அறுத்துக்கொண்டு வந்துவிடும். அப்போது மிச்சம் இருந்த வழி நம்முடையது. ரத்தக்குழாய் வழியாக மெல்லிய குழாயைச் செலுத்தி, கம்பி வலையால் பின்னிய ஒரு அடைப்பானைத் துளையில் உட்காரவைப்பது. நடுவில் இடுப்பு, இரண்டு பக்கமும் தட்டு. இடுப்பு துளைக்குள் நிற்கும், தட்டுகள் சுவரை இரு பக்கமும் பிடித்துக்கொள்ளும். ஆனால் தௌஹுவில் அதுவும் நிற்காது. ஓரம் கொஞ்சம் இறுக வேண்டும். இறுகக் காத்திருந்தால் அதற்குள் ஆள் போய்விடலாம். காத்திருப்பதா, உடனே செய்வதா என்பதுதான் இந்த வேலையிலேயே கஷ்டமான கேள்வி.

டாக்டர் காத்திருக்க முடிவு செய்தார். தொடை வழியாகப் பலூன் பம்ப் வைத்து, இதயத்தின் சுமையைக் குறைத்து, ஒவ்வொரு நாளாகக் கடத்தலாம் என்றார்.

அன்று எக்கோ ஸ்கேனில் துளை பன்னிரண்டு மில்லிமீட்டர். "துளையவிட அஞ்சாறு பெருசா இருக்கணும். பதினெட்டு சைஸ் சரியா இருக்கும்ணே, வரவச்சுடுங்க" என்றார் டாக்டர். நான் கோலாலம்பூர் கம்பெனிக்கு எழுதினேன். சைஸ் பதினெட்டு. எண்ணிக்கை ஒன்று.

இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். ஸ்டோரில் பதினோரு வருஷமும் என் பெருமை எது தெரியுமா? நான் வரவழைத்த எந்தச் சாமானும் திரும்பிப் போனதில்லை. கேட்டதைக் கேட்ட அளவில் வரவழைப்பேன். அதிகமும் இல்லை, குறைவும் இல்லை. மேலதிகாரிகள் என்னை மற்றவர்களுக்குக் காட்டிப் பேசுவார்கள். அந்தப் பெருமையைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டுதான் கேத் லேபுக்கு வந்தேன். பஞ்சுக்கும் கையுறைக்கும் அது நல்ல குணம். பஞ்சு நேற்று இருந்த அளவில்தான் இன்றும் இருக்கும். செத்த சதையில் விழுந்த துளை அப்படி இருக்காது.

பலூன் பம்பைப் பார்க்கத் தினமும் மேலே ஐ.சி.யூ.வுக்குப் போவேன். காலை மடக்கக்கூடாது என்பதால் அக்கா பலகை மாதிரி மல்லாந்து கிடப்பார். வாய் மட்டும் நடமாடிக்கொண்டிருக்கும்.

"ஓட்டைய எப்பத் தம்பி அடைப்பீங்க?"

"ஓரம் கொஞ்சம் இறுகட்டும்கா."

"இட்லி வேகறதுக்கு முன்னாடி மூடியத் தொறக்கக்கூடாதுங்கறீங்க."

"அதேதான்."

"நீங்க டாக்டரா?"

"இல்லக்கா. சாமான் எடுத்துக் குடுக்கறவன்."

"அப்ப நீங்கதான் முக்கியம். என் கேன்டீன்ல சாமான் எடுத்துக் குடுக்கற பொண்ணு லீவு போட்டா, அன்னிக்கு எனக்குக் கையும் இல்ல, காலும் இல்ல." பக்கத்தில் உட்கார்ந்திருந்த கணவரைக் கண்ணால் காட்டினார். "இவரு இருக்காரே, முப்பது வருஷம் பஸ் ஓட்டினாரு. உப்பு எங்க இருக்குன்னு கேட்டா மூவார் டவுன்ல இருக்குன்னு சொல்லுவாரு."

சுப்பையா அண்ணன் சிரிக்கவில்லை. பலூன் பம்பின் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அதிகம் பேசாத மனிதர். தினமும் என்னிடம் ஒரே கேள்விதான் கேட்பார்: "வண்டி ஓடுதா தம்பி?" நான் "ஓடுதுண்ணே" என்பேன். தலையை ஆட்டிக்கொள்வார்.

நாலாவது நாள் மறுபடி எக்கோ எடுத்தார்கள். பதினாலு. தாள் கோப்பில் இருந்தது. நான் அந்தத் தாளைத் திருப்பவில்லை. என் கணக்கில் சாமான் வந்து அலமாரியில் உட்கார்ந்தாயிற்று. என் வேலை முடிந்தது.

ஏழாவது நாள் காலை அக்காவின் ரத்த அழுத்தம் சரிய ஆரம்பித்தது. மருந்தைக் கூட்டினார்கள்; நிற்கவில்லை. "இதுக்கு மேல காத்திருந்தா நமக்கு ஆள் இருக்க மாட்டாங்க. கீழ கொண்டு வாங்க" என்றார் டாக்டர்.

வழக்கமான வேலைகளை விட்டுவிடுகிறேன். அவற்றை ஆயிஷா உங்களுக்கு என்னைவிட நன்றாகச் சொல்லிக்கொடுப்பாள். மயக்க மருந்து கொடுத்து, குழாயைத் துளை வழியாகக் கடத்தி, காலை பத்து மணி சுமாருக்கு அந்தப் பதினெட்டு உள்ளே விரிந்தது. படத்தில் அழகாக உட்கார்ந்திருந்தது. டாக்டர் லேசாக இழுத்துப் பார்த்தார். நின்றது.

இப்போது நம் லேபின் ஒரு வழக்கம். வேறு எங்காவது இருக்கிறதா தெரியாது. எனக்குத் தெரிந்து அந்த டாக்டர் கொண்டுவந்தது. அடைப்பான் ஒரு நீளக் கம்பியின் முனையில் திருகியிருக்கும். திருகைக் கழற்றாதவரை உள்ளே இழுத்துக்கொள்ளலாம். கழற்றிவிட்டால் அது இதயத்தின் சொத்து. நம் கையில் இல்லை. அதனால் கழற்றும் முன் டாக்டர் எல்லாரையும் கேட்பார். மலாய்க்காரர், சீனர், தமிழர், சரவாக்கிலிருந்து வந்த அட்டெண்டன் என்று எல்லாரும் நிற்கிற அறை, எல்லாருக்கும் பொதுவான மலாயில் ஒரே சொல்: "லெப்பாஸ்?" விடலாமா?

கேட்பது கடைசியாகச் சேர்ந்தவரிடமிருந்து ஆரம்பிக்கும். மூத்தவர்கள் முதலில் பேசினால் சின்னவர்கள் வாய் அதையே திருப்பிச் சொல்லும் என்பார் டாக்டர். சரி என்றால் "லெப்பாஸ்". சரியில்லை என்றால் "தீடாக்", அதாவது முடியாது என்று சொல்ல வேண்டியதில்லை. "பெலும்" என்றால் போதும். இன்னும் இல்லை. பெரிய டாக்டரைப் பார்த்து முடியாது என்று சொல்ல நம்மில் எத்தனை பேருக்கு நாக்கு எழும்பும்? இன்னும் இல்லை என்று யாரும் சொல்லிவிடலாம். ஒரே ஒருவர் பெலும் என்றாலும் டாக்டரின் கை நின்றுவிடும். அவ்வளவு யோசித்து வைத்த வழக்கம். ஆனால் வருஷக்கணக்காக எல்லாரும் லெப்பாஸ் சொல்லிச் சொல்லி, அது சாப்பாட்டுக்கு முன் கை கழுவுகிற மாதிரி ஆகிவிட்டிருந்தது.

"லெப்பாஸ்?"

ஆயிஷா அப்போது சேர்ந்து நாலு மாதம். "லெப்பாஸ்" என்றாள், கேள்வி முடிவதற்குள்.

அட்டெண்டன், லெப்பாஸ். எக்ஸ்ரே பார்க்கிறவர், லெப்பாஸ். எக்கோ டாக்டர், "கசிவு நல்லாக் கொறஞ்சிருக்கு. லெப்பாஸ்."

அடுத்தது நான்.

நான் திரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இதயம் ஒவ்வொரு தடவை இறுகும்போதும் தட்டின் கீழ் ஓரம் உள்பக்கமாகச் சாய்ந்து, திரும்பி நிமிர்ந்தது. கீல் தளர்ந்த கதவு காற்றுக்கு ஆடுமே, அந்த மாதிரி. மேல் ஓரம் அசையவில்லை. கீழ் ஓரம் மட்டும். எக்கோ டாக்டர் பார்த்த கோணத்தில் அது தெரியாது. எத்தனையோ மதியங்கள் பழைய படங்களைப் பார்த்தவனுக்குத் தெரிந்தது.

அந்த நொடியில் என் மண்டைக்குள் ஓடியதை ஒளிக்காமல் எழுதுகிறேன். பெலும் என்று சொன்னால் டாக்டர் பார்ப்பார். பார்த்தால் அடைப்பானை வெளியே இழுப்பார். இழுத்ததும் பெரிய சைஸ் கேட்பார். அலமாரியில் பெரிய சைஸ் இல்லை. ஏன் இல்லை என்றால், நான் வாங்கி வைக்கவில்லை. பெரியது வந்துசேர மூன்று மணி நேரமோ நாலு மணி நேரமோ ஆகும். அக்காவிடம் அத்தனை நேரம் இருக்கிறதா என்று யாருக்கும் தெரியாது. லெப்பாஸ் என்று சொன்னால், கசிவு குறைந்திருக்கிறது, ஒருவேளை நின்றுவிடும். நிற்காமல் கழன்று எங்காவது போய் அடைத்துக்கொண்டால், அறையில் எல்லாரும் சேர்ந்து லெப்பாஸ் சொன்னோம் என்று ஆகும். என் பெயர் மட்டும் தனியாக வராது.

அந்தக் கடைசி நினைப்புதான் என்னை உலுக்கியது. அக்கா உயிரை வைத்து யோசிக்க ஆரம்பித்தவன் என் பெயரில் வந்து நின்றிருக்கிறேன்.

"பெலும்" என்றேன்.



டாக்டர் திருப்பிக் கேட்கவில்லை. கை அப்படியே நின்றது. "எங்கண்ணே?"

"கீழ் ஓரம் டாக்டர். இறுகும்போது உள்ள சாயுது."

படத்தைத் திருப்பி, இன்னொரு கோணத்தில் வைத்து, ஏழெட்டுத் துடிப்பு பார்த்தார். எல்லாரும் பார்த்தோம். ஒன்பதாவது துடிப்பில் ஓரம் இன்னும் அதிகமாகச் சாய்ந்தது. டாக்டர் ஒரு மூச்சு விட்டார். அடைப்பானைக் குழாய்க்குள் இழுத்துக்கொண்டார். துளையை மறுபடி அளந்தார்கள். பதினேழு. நனைந்த ஓரம் நெகிழ்ந்து கொடுத்திருந்தது.

"இருவத்தி நாலு குடுங்கண்ணே."

"இல்ல டாக்டர்."

"இருவத்தி ரெண்டு?"

"இல்ல. பதினெட்டு ஒண்ணுதான் வரவச்சேன். நாலாம் நாள் அளவை நான் பாக்கல."



"நானும் பதினாலுன்னு பாத்தேன். உங்ககிட்ட வேற சைஸ் இருக்கும்னு நெனச்சேன், கேக்கல" என்றார் டாக்டர். திட்டவில்லை, தட்டிக்கொடுக்கவும் இல்லை. "எல்லாத்தையும் வெளிய எடுத்துட்டு அக்காவ மேல அனுப்பறேன். எவ்வளவு நேரம்?"

கம்பெனி ஆள் லிம்முக்குப் போன் போட்டேன். பல வருஷப் பழக்கம். சீனன்தான் என்றாலும் என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவான். நல்ல நேரம், மலாக்காவில் ஒரு மருத்துவமனையில் இருந்தான்.

"இருபத்தி நாலு இங்க இருக்கு. அத மட்டும் எடுத்துட்டு வரவா அண்ணே?" என்று மலாயில் கேட்டான்.

"இருபது, இருபத்தி ரெண்டு, இருபத்தி நாலு. மூணும்."

"மூணா? ஒண்ணுதானே போடுவீங்க. நீங்களா மூணு கேக்கறீங்க? அலமாக்!"

"கெளம்புடா லா!"

குடும்பத்திடம் தானே சொல்வதாக டாக்டர் சொன்னார். "நானும் வர்றேன் டாக்டர்" என்றேன். வர வேண்டிய கட்டாயம் எனக்கு இல்லை. ஆனால் தினமும் வண்டி ஓடுதா என்று கேட்ட மனிதருக்கு, வண்டி ஏன் நின்றது என்று நான்தானே சொல்ல வேண்டும்?

சுப்பையா அண்ணன் வெளியே நின்றுகொண்டிருந்தார். டாக்டர் நடந்ததைச் சொல்லி முடித்ததும், "பெரிய சைஸ் இல்லாதது என் தப்புண்ணே. ஒண்ணு போதும்னு நெனச்சு ஒண்ணுதான் கேட்டு எழுதினேன்" என்றேன்.

என் முகத்தை நேராகப் பார்த்தார். அடிப்பார் என்று நினைத்தேன். அடித்திருந்தால் வாங்கிக்கொண்டிருப்பேன்.

"இப்ப வர்றது எங்க இருக்கு?"

"மலாக்காவுலருந்து கார்ல வருதுண்ணே."

"ஹைவேலயா? யார் ஓட்டறா? போனப் போட்டுக் குடுங்க."

கொடுத்தேன். அதுவரை ஒரு வாக்கியத்துக்கு மேல் பேசாத மனிதர் மலாயில் பொரிந்து தள்ளினார். எங்கே இருக்கிறாய், மழையா, முன்னால் சிவப்பு விளக்கு தெரிகிறதா, லோரி எத்தனை வரிசையில் நிற்கிறது. யோங் பெங்கைத் தாண்டி ஒரு லோரி கவிழ்ந்து ஹைவே அடைத்திருக்கிறது என்று லிம்முக்கே அப்போதுதான் தெரிந்தது. "யோங் பெங்ல எறங்கிடு. எறங்கி பழைய ரோட்டப் பிடி. ஆயர் ஹித்தாம் வரைக்கும் அதுலயே வா, அங்க திரும்ப ஹைவே ஏறு. போன்ல ரோட்டுப் படம் பாக்காத, நான் சொல்றதக் கேளு. அந்தப் படம் போன வருஷந்தான் பொறந்துச்சு." சுவரோரம் நின்றபடியே, இல்லாத ஸ்டியரிங்கை ஒரு கை திருப்பிக்கொண்டிருந்தது. ஜோகூர் பாருவை ஒட்டிய ஸ்கூடாய் வரும்வரை லிம்மை அவர் போனிலிருந்து விடவில்லை.

மேலே அக்காவின் அழுத்தம் இரண்டு தடவை கீழே போய் வந்தது. டாக்டர் கட்டிலை விட்டு நகரவில்லை.

இரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் லிம் ஓடிவந்தான். சட்டை முதுகோடு ஒட்டியிருந்தது. மூன்று பெட்டியையும் என் கையில் வைத்துவிட்டு, "யாரண்ணே அந்த அங்கிள்? ஒரு குழிகூட மறக்காமச் சொல்றாரு" என்றான்.

அக்கா மறுபடி மேசைக்கு வந்தார். இருபத்தி நாலு உள்ளே போய் விரிந்தது. டாக்டர் இழுத்துப் பார்த்தார். தள்ளிப் பார்த்தார். திரும்ப இழுத்தார்.

"லெப்பாஸ்?"

ஆயிஷாவின் முறை. காலையில் கேள்வி முடிவதற்குள் பதில் சொன்ன பெண். இப்போது முதலில் திரைக்குப் பக்கத்தில் ஒரு எட்டு வைத்தாள்.

"பெலும்" என்றாள்.

டாக்டரின் கை நின்றது. அவர் முகமூடிக்குள் சிரித்தார் என்று நான் சத்தியம் பண்ணுவேன், கண்ணோரம் சுருங்கியது. ஆயிஷா உதட்டுக்குள் எண்ணினாள். கீழ் ஓரம், மேல் ஓரம், கீழ் ஓரம். பத்துத் துடிப்பு. சுவரோடு ஒட்டிக்கொண்டு இரண்டு ஓரமும் இதயம் போன பக்கமே போய்வந்தன.

"லெப்பாஸ்" என்றாள், நிதானமாக.

அட்டெண்டனும் இந்தத் தடவை திரையைப் பார்த்துவிட்டுத்தான் சொன்னார். எல்லாரும் பார்த்துவிட்டுத்தான் சொன்னார்கள். நானும். டாக்டர் திருகைக் கழற்றினார்.

முழுக்க அடைபடவில்லை, ஊசிமுனை அளவு கசிவு ஓரத்தில் இருந்தது. அது சில வாரத்தில் மூடும் என்றார்கள், மூடியது. அக்கா கண் விழித்த பிறகு கேட்டுவிட்டு நெஞ்சில் கையை வைத்துப் பார்த்தேன். பூனை போய்விட்டிருந்தது.

இப்படி வருகிற எல்லாரும் பிழைப்பதில்லை. அதையும் நீங்கள் சீக்கிரமே பார்ப்பீர்கள். அந்தப் பேச்சை ஒரு கடிதத்தில் முடிக்க முடியாது. இந்தக் கேஸை எழுதுவதற்குக் காரணம், அன்று அந்த அறையில் நின்ற ஒவ்வொருவரையும் நினைத்தால் எனக்கு இன்றும் நெஞ்சு நிமிர்கிறது. நாலு மாத மிஸ்ஸி பெரிய டாக்டரின் கையை நிறுத்தினாள். பெரிய டாக்டர் நின்றார். நீங்கள் வந்து சேர்ந்திருப்பது அப்படிப்பட்ட லேப்.

இரண்டு மாதம் கழித்து அக்கா பரிசோதனைக்கு வந்தார். கையில் ஒரு பெரிய டிபன் கேரியர். லேபில் பன்னிரண்டு பேர்; இருபது பேருக்கு நாசி லெமாக், தேங்காய்ப்பால் சோறு. சுப்பையா அண்ணன் என்னைப் பார்த்ததும், "வண்டி ஓடுது தம்பி" என்றார். இந்தத் தடவை கேள்வி இல்லை.

அக்கா என்னைத் தனியாகக் கூப்பிட்டார். "நீங்கதானே அன்னிக்கு ஒண்ணுக்கு மேல வாங்கி வைக்காத ஆளு? இவரு எல்லாம் சொன்னாரு."

"ஆமாங்கா" என்றேன். 

"தம்பி, நான் இருவத்தஞ்சு வருஷமா கேன்டீன் நடத்தறேன். நேத்து வந்த பிள்ளைங்கள எண்ணி இன்னிக்கு ஒல வச்சதே இல்ல. இன்னிக்கு எத்தன பிள்ளைக்குப் பசிக்கும்னு இன்னிக்குத்தானே தெரியும்? மிஞ்சினா மிஞ்சிட்டுப் போகுது. பத்தாம வெறுந்தட்டோட ஒரு பிள்ள நின்னா, அத நான் பாக்க முடியாது." கேரியர் மூடியைத் திறந்தார். "சரி, சாப்புடுங்க. ஆறிடும்."

அன்று மாலையே நோட்டில் எழுதினேன். அடுத்த நாள் நம் வேண்டுகோள் தாளில் இருந்த ஒரு சைஸ் கட்டத்தோடு இரண்டு கட்டம் கூடுதலாகப் போட்டேன்: அளந்ததற்குச் சரியான சைஸ், அதற்கு அடுத்தது, அதற்கும் அடுத்தது. கேஸ் நடக்கிற அன்று காலை எடுத்த அளவு எழுத இன்னொரு கட்டம். அது காலியாக இருந்தால் அலமாரிச் சாவி கைமாறாது. டாக்டர் பார்த்துவிட்டுக் கையெழுத்துப் போட்டார். இன்று நீங்கள் நிரப்புகிற தாள் அதுதான்.

அதற்கப்புறம் ஒவ்வொரு கேஸுக்கும் இரண்டு பெட்டி பிரிக்காமல் திரும்பிப் போகும். மேலிடத்திலிருந்து ஒரு தடவை கேட்டார்கள், ஏன் இவ்வளவு திரும்பிப் போகிறது என்று. பொந்தியான் கேன்டீனுக்கு வழி சொன்னேன்.

என் கடைசி நாளிலும் காலையில் ஒரு கேஸ் இருந்தது. லோரி ஓட்டுகிற ஒருவர். துளை அன்று அளந்தபோது முதல் நாளைவிட மூன்று மில்லிமீட்டர் பெரியது. இரண்டாவது பெட்டியிலிருந்த அடைப்பான் சரியாக உட்கார்ந்தது. மாலையில் கேக் வெட்டினார்கள், சால்வை போட்டார்கள், நான் அளவுக்கு மீறிப் பேசினேன். எல்லாம் முடிந்து ஈய அங்கியைக் கொக்கியில் மாட்டிவிட்டு அலமாரியைத் திறந்து பார்த்தேன். பிரிக்காத பெட்டி இரண்டு. திருப்பி அனுப்பும் தாளில் இரண்டு என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, சாவியை ஆயிஷாவிடம் கொடுத்துவிட்டு வெளியே வந்தேன்.